நான்கு பேர், ஒரே முடிவு: 2006இல் ஜோகிம் நோவா கிளம்பியிருக்க வேண்டுமா?

2006 ஏப்ரல் 3, இண்டியானாபொலிஸ். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டத்தில் புளோரிடா பல்கலைக்கழகம் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை 73–57 என்று வென்று முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. அந்த இரவின் நாயகன் குதிரைவால் போட்ட, ஏறக்குறைய ஏழடி உயரப் பையன் ஒருவன். 16 புள்ளிகள், 9 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6 பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது). ஓர் இறுதி ஆட்டத்தில் அதற்கு முன் யாரும் ஆறு பிளாக் செய்ததாகப் பதிவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஒரு வருடம் முன்பு பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்துக்கு நான்கு புள்ளிகூடச் சராசரி எடுக்காத ஜோகிம் நோவாதான் அவர்.

இரண்டாம் ஆண்டு மாணவர், வயது 21. மறுநாள் காலையிலிருந்தே ஒரே கேள்விதான்: இவர் என்பிஏ டிராஃப்டுக்குப் போகிறாரா, இல்லையா? டிராஃப்ட் என்றால் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி, இரண்டு சுற்றில் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. போனால் முதல் ஆளாகவே எடுக்கப்படலாம் என்று பேச்சு. சில நாட்களில் பதில் வந்துவிட்டது. போகவில்லை. அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த அல் ஹார்ஃபோர்ட், கோரி புரூவர், டாரியன் கிரீன் மூவரும் போகவில்லை. 2004இல் ஒன்றாகக் கல்லூரியில் சேர்ந்த நால்வரும் இன்னொரு வருடம் இருப்பது என்று முடிவு.

அடுத்த ஆண்டு நால்வரும் மறுபடி சாம்பியன். ஆனால் டிராஃப்டில் நோவா ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியிருந்தார். இந்தக் கதை அன்றிலிருந்து இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. பணத்தை விடப் பாசம் பெரிது என்று நெகிழ்பவர்கள் ஒரு பக்கம். கோடிகளைக் கோட்டை விட்டவன் என்று உச்சுக்கொட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. முடிவு ஒன்றுதான், ஆனால் அந்த வீட்டிலிருந்த நான்கு பேருக்கும் கணக்கு வேறு வேறு.

வயது விதி செய்த வேலை

முதலில் அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று பார்க்க வேண்டும். என்பிஏவும் வீரர்கள் சங்கமும் 2005இல் போட்ட ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு விதி வந்தது. டிராஃப்டுக்கு வருபவர் அந்த ஆண்டுக்குள் 19 வயதை எட்டியிருக்க வேண்டும்; அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதுவரை கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி ஆட்கள் பள்ளியிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தார்கள். 2006 டிராஃப்டில் அந்தக் கதவு மூடிவிட்டது.

விளைவு என்ன? 2006இல் வந்திருக்க வேண்டிய பள்ளிப் பையன்கள் ஓராண்டு கல்லூரியில் காத்திருந்துவிட்டு 2007இல் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கிரெக் ஓடன். இன்னொருவர் கெவின் டுரான்ட். அதாவது 2006 ஆள் குறைந்த சந்தை, 2007 ஆட்கள் குவியப்போகும் சந்தை. இதை ஊகிக்க ஜோசியம் வேண்டாம். விதி அச்சில் இருந்தது, ஓடன் பெயர் பள்ளிக் காலத்திலேயே ஊரறிந்த பெயர். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்களே, அதற்கு 2006 வசந்தத்தைவிட நல்ல காற்று நோவாவுக்கு வீசியிருக்க முடியாது.

இன்னொன்று, நோவாவின் விலை அதற்கு மேல் ஏற வழியே இல்லை. சாம்பியன் பட்டம், சிறந்த வீரர் விருது, முதல் இடம் என்ற பேச்சு எல்லாம் கையில் இருக்கும்போது அடுத்த படி கீழேதான். "இன்னொரு வருடம் இருந்தால் மதிப்பு கூடும்" என்பது இந்த மாதிரி நேரங்களில் எல்லோரும் சொல்லும் ஆலோசனை. நோவா விஷயத்தில் அது சுத்தமாகப் பொருந்தாது.

அந்த ஷாட்

மதிப்பு ஏன் இறங்கியது என்பதைப் புரிந்துகொள்ள அவர் பந்து எறிவதை ஒருமுறை பார்த்தால் போதும். மற்றவர்கள் ஒரு கையால் எறிந்து மறு கையால் தாங்குவார்கள். பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும். நோவா இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவார். பந்து பம்பரம் மாதிரி பக்கவாட்டில் சுற்றிக்கொண்டே கூடைக்குப் போகும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அது ரசிகர்களுக்குச் செல்லம். அதையே ஒரு வருடம் முழுக்க என்பிஏ அணிகளின் ஆட்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்த்தால் கதை மாறிவிடும்.

மாறியது. 2005–06இல் ஆட்டத்துக்கு 14.2 புள்ளி எடுத்தவர் அடுத்த ஆண்டு 12.0க்கு இறங்கினார். பிளாக்குகள் 2.4இலிருந்து 1.8. ரீபவுண்டு மட்டும் 7.1இலிருந்து 8.4க்கு ஏறியது. மோசமான ஆண்டு என்று சொல்ல முடியாது. ஆனால் 21 வயதுப் பையனிடம் அணிகள் இனி வரப்போவதைக் கற்பனை செய்துகொள்ளும். 22 வயதில் அதே ஆட்டத்தை ஆடினால், இவ்வளவுதான் போலிருக்கிறது என்று எழுதிக்கொள்ளும். ஆட்டம் பெரிதாக மாறவில்லை, அவரைப் பார்த்த கண்தான் மாறியது.

2007 ஏப்ரல் 2, அட்லாண்டா. புளோரிடா 84, ஓஹையோ ஸ்டேட் 75. எதிரணியில் ஓடன் 25 புள்ளியும் 12 ரீபவுண்டும் எடுத்தார். புளோரிடா பக்கம் ஹார்ஃபோர்ட் 18 புள்ளி, 12 ரீபவுண்டு. நோவா இந்த முறை பின்னணியில் இருந்தார். தொடரின் சிறந்த வீரர் விருது கோரி புரூவருக்குப் போனது. தொடக்க ஐவர் ஒருவர்கூட மாறாமல் ஒரு கல்லூரி அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டம் வென்றது அதுவே முதல்முறை.

அந்த ஜூனில் டிராஃப்ட். ஓடன், டுரான்ட், மூன்றாவதாக ஹார்ஃபோர்ட், ஏழாவதாகப் புரூவர். தலைமுடியைப் பறக்கவிட்டுக்கொண்டு போ டை கட்டிவந்த நோவாவை ஒன்பதாவதாகச் சிகாகோ அணி எடுத்தது. கிரீன் இரண்டாம் சுற்றில் 52ஆவது.

ஒன்பதாம் எண்ணின் விலை

இப்போது காசுக்கு வருவோம். என்பிஏவில் முதல் சுற்றில் எடுக்கப்படுபவர் சம்பளம் பேசி வாங்க முடியாது; எந்த எண்ணுக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. அன்றைய ஒப்பந்தப்படி முதல் இரண்டு ஆண்டு உறுதி, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். ஒன்பதாவது ஆளின் சம்பளம் முதல் ஆளின் சம்பளத்தில் பாதியைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் காலச் சம்பளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் வித்தியாசம். நான்கு ஆண்டுக்குப் பெருக்கினால் கிறுகிறுக்கத்தான் செய்யும்.

ஆனால் "முதல் ஆள்" என்பது பேச்சுதானே? 2006இல் முதலில் எடுக்கும் உரிமை டொராண்டோ அணிக்கு விழுந்தது. அவர்கள் எடுத்தது இத்தாலியின் ஆந்த்ரேயா பார்னானியை. நோவா பட்டியலில் இருந்திருந்தால் அவரைத்தான் எடுத்திருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டாம் இடம் சிகாகோவிடம் இருந்தது. அவர்கள் லமார்கஸ் ஆல்ட்ரிஜை எடுத்துப் போர்ட்லாண்டுக்கு அனுப்பிவிட்டு, நான்காவதாக எடுக்கப்பட்ட டைரஸ் தாமஸை வாங்கிக்கொண்டார்கள். தாமஸும் நோவா மாதிரியே துள்ளிக் குதித்துப் பந்தைத் தடுக்கும் வகை. ஆக நோவா போயிருந்தால் முதல் நான்குக்குள் என்பது நியாயமான கணிப்பு. இழப்பு நிஜம்தான், ஆனால் ஊரார் சொன்ன அளவு பெரிதாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2006இன் இரண்டாம் எண், 2007இன் ஒன்பதாம் எண் இரண்டுமே சிகாகோவுக்கு நியூயார்க்கிடமிருந்து வந்தவை. எடி கரி என்ற வீரரைக் கொடுத்துவிட்டு வாங்கிய உரிமைகள். நோவா எந்த ஆண்டு வந்திருந்தாலும் நியூயார்க்கின் செலவில் சிகாகோவுக்குப் போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது! நியூயார்க்கில் பிறந்த பையன் என்பது வேறு.

பணக் கணக்கைப் போடுபவர்கள் பலர் இந்த அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அது சின்னத் தொகை. கல்லூரியில் ஒரு வருடம் கூட இருப்பவர் இழப்பது முதல் வருடச் சம்பளத்தை அல்ல. உடம்பு இத்தனை வயதில் தேய்ந்துவிடும் என்றால், முன்னால் தள்ளிப்போட்ட ஒரு வருடம் கடைசியில் கழிகிறது. அதாவது அனுபவம் ஏறி, சம்பளம் பல மடங்கு ஆன பிறகு வரும் ஒரு வருடம் போய்விடுகிறது. பெரிய ஒப்பந்தமும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. "சீக்கிரம் போ" என்று சொல்பவர்களின் வலுவான வாதம் இதுதான்.

நோவா விஷயத்தில் அது தலைகீழானது எப்படி என்று பாருங்கள். 2010இல் சிகாகோ ஐந்தாண்டுக்கு 6 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டியது. 2013–14இல் அவர் உச்சத்தில் இருந்தார்: ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர், லீகின் முதல் ஐவரில் ஒருவர், எம்விபி (ஆண்டின் தலைசிறந்த வீரர்) வாக்கெடுப்பில் நான்காவது. அப்புறம் முழங்கால் அறுவைச் சிகிச்சை, சரிவு. 2015–16இல் தோள் காயம். 29 ஆட்டம் ஆடி 4.3 புள்ளி சராசரி. ஒப்பந்தம் முடிந்தது 2016 கோடையில். அந்தக் கோடையில்தான் 2400 கோடி டாலர் தொலைக்காட்சிப் பணம் லீகுக்குள் வந்து, அணிகளின் சம்பள வரம்பு 7 கோடியிலிருந்து 9 கோடியே 40 லட்சத்துக்குத் தாவியது. கையில் பணத்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று அணிகள் அலைந்தன. நியூயார்க் நோவாவுக்கு நான்காண்டுக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. இரண்டு ஆண்டில் அவரை விடுவித்தும்விட்டது.

2006இலேயே போயிருந்தால், அதே வரிசையில் ஒப்பந்தங்கள் 2015இல் முடிந்திருக்கும். அப்போது வரம்பு 7 கோடிதான். காயம்பட்ட 30 வயது வீரருக்கு இவ்வளவு கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 2006இல் முதல் இடத்தைத் தவறவிட்டதில் போன பணம் பத்து வருடம் கழித்து ஒரே கையெழுத்தில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்லலாம். இதை நோவாவின் புத்திசாலித்தனக் கணக்கில் எழுதக் கூடாது, முழுக்க அதிர்ஷ்டம். 21 வயதில் யாருக்கும் 2016இன் தொலைக்காட்சி ஒப்பந்தம் தெரியாது.

அதே அறையில் முந்தைய வருடம்

ஒப்பிட ஓர் ஆளைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 2005இல் அதே புளோரிடா அணியில் மூன்றாம் ஆண்டு முடித்த அந்தோனி ராபர்சனும் மாட் வால்ஷும் டிராஃப்டுக்குக் கிளம்பினார்கள். இருவரையுமே யாரும் எடுக்கவில்லை. நான்காம் ஆண்டு வரை இருந்த டேவிட் லீ முதல் சுற்றின் கடைசி ஆளாக, 30ஆவதாகப் போய், பிற்பாடு ஆல்-ஸ்டார் (லீகின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். அந்த மூவரும் காலி செய்த இடத்தில்தான் நோவா வகையறாவுக்கு ஆட நேரம் கிடைத்தது. உடை மாற்றும் அறையில் பக்கத்து அலமாரி காலியாக இருப்பதைத் தினமும் பார்த்த பையன்கள் இவர்கள். பயிற்சியாளர் பில்லி டோனவன் பாடம் நடத்தத் தேவையே இல்லை.

2006 டிராஃப்டில் ஒன்பதாம் எண்ணில் போனவரையும் பார்க்கலாம். பிராட்லி பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் ஓப்ரையன்ட். அந்த மார்ச்சில் பிராட்லி, கன்சாஸையும் பிட்ஸ்பர்க்கையும் கவிழ்த்தது. இரண்டாம் ஆண்டு மாணவரான ஓப்ரையன்ட் பெயர் ஒரே வாரத்தில் உயர்ந்தது. கோல்டன் ஸ்டேட் அணி அவரை எடுத்தது. மூன்றாம் ஆண்டு விருப்பத்தை எடுக்காமல் விட்டது. அடுத்த ஆண்டு அதே எண்ணில் போன நோவா பதின்மூன்று ஆண்டு ஆடினார். "பார்த்தாயா, இருந்தவன் ஜெயித்தான்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் ஓப்ரையன்ட் இன்னொரு வருடம் இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே போயிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் காற்றில் தூற்றிக்கொண்டவர். அந்தப் பணம் அவருக்கு வந்தது. அவர் முடிவு சரி.

நான்கு வீடு

யார் போக வேண்டும், யார் இருக்க வேண்டும் என்பதற்கு ஆட்டத்தைவிட வீடு முக்கியம் என்று நினைக்கிறேன். நோவாவின் அப்பா யானிக் நோவா. 1983 பிரெஞ்ச் ஓப்பன் சாம்பியன், பிறகு பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த பாடகர். அம்மா செசிலியா ரோதே 1978இன் மிஸ் ஸ்வீடன், சிற்பி. ஒரு வருடச் சம்பளம் தள்ளிப்போனால் அந்த வீட்டில் அடுப்பு அணையாது. கல்லூரி வாழ்க்கை பிடித்திருக்கிறது, நண்பர்களோடு இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அப்படியே நம்பலாம். மகிழ்ச்சியை விலை கொடுத்து வாங்க அவரால் முடிந்தது, வாங்கினார். எனக்கு இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஹார்ஃபோர்டின் அப்பா டீட்டோ, கிரீனின் அப்பா சிட்னி இருவரும் என்பிஏவில் ஆடியவர்கள். ஆட்டக்காரன் வாழ்க்கையின் ஏற்ற இறக்கம் அந்த வீடுகளுக்குத் தெரியும். ஹார்ஃபோர்டுக்கு மட்டும்தான் "இருந்தால் மதிப்பு கூடும்" என்ற வாதம் நிஜமாகப் பொருந்தியது. 2006இல் அவர் நோவாவின் நிழலில் இருந்தார். ஒரு வருடத்தில் மூன்றாம் எண். 2024இல் பாஸ்டனோடு சாம்பியன் ஆகும் வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை. கிரீனுக்கு எப்போது போனாலும் இரண்டாம் சுற்று வாசல்தான். ஒரு பட்டம் கூடுதலாகக் கிடைத்ததே லாபம்.

புரூவர் விஷயம் வேறு. டென்னசியில் போர்ட்லாண்ட் என்ற சிற்றூர், புகையிலை விளையும் பூமி. அப்பா குப்பை அள்ளும் தொழில் செய்தவர். புரூவரும் கூடப்போய் அள்ளியவர். அப்பாவுக்கு உடம்பும் சரியில்லை. முதல் சுற்றில் போவார் என்று 2006லேயே அவர் பெயர் அடிபட்டது. நண்பர்களோடு இன்னொரு வருடம் என்பதை நோவா தன் பணத்தில் வாங்கினார் என்றால், புரூவர் வீட்டுப் பணத்தில் வாங்கினார்.

முழங்கால் போயிருந்தால்? கல்லூரி வீரர்களுக்கு ஊனக் காப்பீடு என்று ஒரு திட்டம் இருந்தது. ஆட்டமே முடிந்துபோகும் காயத்துக்குத்தான் அது பணம் தரும். ஒரு சுற்று கீழே இறங்கியதற்கெல்லாம் தராது. கல்லூரி சம்பளமும் அன்று கிடையாது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், அவ்வளவுதான். அரங்கம் நிரம்பி வழிந்த அந்த இரண்டு ஆண்டுகளில் நால்வருக்கும் சட்டப்படி ஒரு டாலர் விளம்பரப் பணம் வாங்க உரிமை இல்லை.

இன்று கேள்வியே வேறு. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. 2021இல் படிப்பை முடிக்காமல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 350ஐத் தாண்டினார்கள் (கோவிட் குழப்பமும் சேர்ந்து). 2025இல் 106 பேர்தான். 2025இல் புளோரிடா மறுபடி சாம்பியன் ஆனபோது அந்த அணியின் அலெக்ஸ் காண்டன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். அதை யாரும் தியாகம் என்று சொல்லவில்லை.

2006 ஏப்ரலில் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் கேட்டிருந்தால், நோவாவை இரு என்றும், ஹார்ஃபோர்டைக் கட்டாயம் இரு என்றும், கிரீனை உன் இஷ்டம் என்றும், புரூவரைக் கிளம்பு என்றும் சொல்லியிருப்பேன். இன்றும் அதையே சொல்வேன். அட்லாண்டாவில் கோப்பையோடு சிறந்த வீரர் விருதையும் தூக்கிக்கொண்டு நின்றவர் புரூவர்தான் என்பது தெரிந்தும்.